வைத்தியரும் கணினியும் நாமும்

முகம் பார்த்துக் கேட்பதும் மருத்துவமே. நோயாளியின் முகவாட்டமும், அவர் சொல்லத் தயங்குவதும் பார்ப்பவருக்கே தெரியும்.

அமெரிக்காவில் 2009இல் வந்த சட்டமொன்று நோயாளர் பதிவுகளைக் கணினிக்கு மாற்ற ஊக்கமளித்தது. 2012இல் அந்நாட்டு மருத்துவ சஞ்சிகையொன்றில் 7 வயதுச் சிறுமி வரைந்த படம் வெளியாயிற்று. அவள் பரிசோதனைக் கட்டிலில் இருக்கிறாள். வைத்தியரோ முதுகைக் காட்டியபடி கணினியில் தட்டுகிறார். நோயாளியுடன் அறையில் இருக்கும் நேரத்திலும் 37 வீதம் கணினிக்கும் எழுத்து வேலைக்கும் போவதாக 2016இல் அங்கு ஓர் ஆய்வு காட்டியது.

ஆயினும் கணினி எமக்குப் பகையன்று. இடம்பெயர்ந்து ஓடிய வேளையில் கிளினிக் கொப்பியைத் தொலைத்தோர் எம்மில் எத்தனை பேர்! வைத்தியசாலைக் கணினியில் பதிந்தது எமது பையோடு தொலையாது. எமது நாட்டிலும் அரச வைத்தியசாலைகள் சிலவற்றில் இம்முறை வந்துள்ளது. ஆனால் நாம் சொல்லாதது அதில் இராது.

எனவே:

1. முக்கியமான வருத்தத்தை முதலில் சொல்வோம்.

2. வைத்தியர் தட்டிக்கொண்டிருந்தால் பொறுத்திருந்து, நிமிர்ந்ததும் பேசுவோம். "டொக்டர், இன்னுமொன்று சொல்ல வேண்டும்" என்பது மரியாதைக் குறைவன்று.

3. ஒத்துக்கொள்ளாத மருந்தைக் கூறி, பதிந்தாயிற்றா எனக் கேட்போம்.

4. குளிசை எடுக்கும் முறையைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்போம்.

எரிக்கோவில் பார்வையற்ற பர்த்திமேயுவின் தேவை இயேசுவுக்குத் தெரியாததன்று. எனினும் அவரை அழைத்து, அவர் வாயாலேயே அதைச் சொல்ல வைத்தார்.

கலந்துரையாடுவோம்: கடந்த முறை வைத்தியரிடம் சொல்லாமலே திரும்பியது என்ன? ஏன்?