மாடி முகப்பில் மீனும் கீரையும்

மீன் கிடந்த குளத்துத் தண்ணீர் பாய்ந்தால் பயிர் கருகருவென்று வளரும் என்பது ஏரிப் பாசன விவசாயிகளுக்குப் புதிய செய்தி அல்ல. ஏரி வற்றும்போது வண்டலை வண்டி வண்டியாக அள்ளி வயலில் கொட்டுவதும் இதை உத்தேசித்துத்தான். மீனின் கழிவு பயிருக்கு உரம். இந்த உண்மையை இரண்டு பிளாஸ்டிக் பீப்பாய்களுக்குள் அடக்கி, வீட்டு முற்றத்திலோ மாடி முகப்பிலோ நடத்தும் முறைக்கு ‘அக்வாபோனிக்ஸ்’ என்று பெயர். மீன் தொட்டியின் தண்ணீர் ஜல்லி நிரப்பிய பாத்திக்கு ஏறுகிறது. அங்கே கீரை உரத்தை எடுத்துக்கொண்டபின் தண்ணீர் மீண்டும் மீனுக்கே இறங்குகிறது. ஆவியாகிப் போவதையும் செடி குடிப்பதையும் மட்டும் ஈடு செய்தால் போதும். கோடையில் கிணறு வற்றும் ஊர்களில் வீட்டுக்கு வேண்டிய கீரைக்கு இது ஒரு வழி.

வீட்டுக்கு வேண்டிய கீரைக்கு என்றுதான் சொன்னேன், விற்பனைக்கு அல்ல. பெரிய தொட்டிகளும் குழாய்களும் காட்டி, மாதம் இத்தனை ஆயிரம் வரும் என்று ஆசை காட்டுபவர்கள் உண்டு. அதை நம்பி நகையை அடகு வைப்பதற்கு முன், சிறிய அளவில் ஓராண்டாவது நடத்திப் பார்க்கவேண்டும். கீழே சொல்லும் அளவில் 6 முதல் 8 மாதத்தில் சுமார் 2 கிலோ மீனும், வாரம் ஒன்றிரண்டு வேளைக் கீரையும் கிடைக்கும். லாபக் கணக்கு எழுத அதில் ஒன்றும் இல்லை. ஆனால் தொழிலைக் கற்றுக்கொள்ள இந்த அளவு போதும்.

தெளிந்த தண்ணீரை நம்பாதீர்கள்

நான் முதல் தடவை செய்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. புதுப் பீப்பாய், கழுவிய ஜல்லி, கண்ணாடி போன்ற தண்ணீர். மூன்றாம் நாளே 10 குஞ்சுகளை விட்டேன். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி தீனி போட்டார்கள். ஒன்பதாம் நாள் காலையில் 4 மீன் மிதந்தது. மறுநாள் மீதியும் போயிற்று. அப்போதும் தண்ணீர் தெளிவாகவே இருந்தது! குஞ்சு விற்றவரைக் கோபித்துக்கொண்டேன். தவறு அவருடையது அல்ல என்று பிறகுதான் தெரிந்தது.

மீன் வெளிவிடுவது அம்மோனியா. அது கண்ணுக்குத் தெரியாது, மீனுக்கு நஞ்சு. யூரியா இட்ட வயலில் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் என்ன செய்கின்றனவோ, அதையேதான் இங்கும் செய்யவேண்டும். நைட்ரசோமோனாஸ் முதலிய நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் மீனுக்கு ஆகாது. ரத்தம் பழுப்பு நிறமாகி, தண்ணீரில் காற்று இருந்தும் மீன் மூச்சுத் திணறும். வேறு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்தான் செடிக்கு நல்ல உணவு. சாதாரண அளவில் மீனுக்குத் தீங்கு இல்லை. வயலில் இந்த நுண்ணுயிர்கள் காலம் காலமாகக் குடியிருக்கின்றன. கழுவிய ஜல்லியில் அவை போதுமான அளவு இல்லை. அவை வந்து பெருகுவதற்கு 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் மீன் விட்டதுதான் நான் செய்த பிழை.

நம் ஊர்களில் இன்னொரு சங்கடம் உண்டு. பல இடங்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் காரத்தன்மை உள்ளது. ஒரே அளவு அம்மோனியா இருந்தாலும், கார அமில நிலை 7-ல் இருப்பதைவிட 8-ல் இருக்கும்போது அதன் நச்சுப் பகுதி ஏறக்குறைய 10 மடங்கு கூடுகிறது. வெயில் ஏற ஏற இன்னும் கூடும். ஆகவே வேறு தேசத்துப் புத்தகத்தில் ‘இந்த அளவு அம்மோனியா பரவாயில்லை’ என்று எழுதியிருந்தால், சித்திரை மாதத்து ஆழ்குழாய்த் தண்ணீருக்கு அது பொருந்தாது.

இடமும் எடையும்

கீரைக்கு நாள்தோறும் 5 மணி நேரமாவது வெயில் வேண்டும். மீன் தொட்டிக்கு நிழல் வேண்டும். பாத்தி வெயிலிலும், பீப்பாய் பாத்தியின் நிழலிலும் இருக்கும்படி வைத்தால் இரண்டும் சரியாகும்.

மாடியானால் எடையைக் கணக்கிட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 200 லிட்டர் பீப்பாய் நிறைந்தால் 200 கிலோ. பாதிப் பீப்பாய் ஜல்லி 150 கிலோவுக்குக் குறையாது. அதில் நிற்கும் தண்ணீர் 40 கிலோ. ஆக மொத்தம் ஏறக்குறைய 400 கிலோ. வீட்டு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை என்ற கணக்கில் கட்டுவது வழக்கம். எனவே சுவரை ஒட்டி, உத்திரம் ஓடும் இடமாகப் பார்த்து, சுமை பரவும்படி பலகை போட்டு வைக்கவேண்டும். சுவரிலிருந்து வெளியே துருத்திக்கொண்டிருக்கும் முகப்பின் நுனியில் வைக்கவே கூடாது. பழைய வீடானால் விவரம் தெரிந்த கட்டடக்காரரைக் கேட்காமல் மாடிக்கு ஏற்றாதீர்கள். ஜல்லிக்குப் பதிலாக நன்கு வெந்த செங்கல் துண்டுகளைப் போட்டால் எடை ஓரளவு குறையும். சந்தேகம் இருந்தால் தரையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கீரைக்கு மாடி என்றும் கீழ் என்றும் பேதம் இல்லை.

அமைக்கும் முறை

உணவுப் பொருள் வந்த பீப்பாயாகப் பார்த்து இரண்டு வாங்கவேண்டும். பூச்சிமருந்தோ சாயமோ வந்த பீப்பாய் எவ்வளவு கழுவினாலும் உதவாது. ஒன்று மீனுக்கு. மற்றொன்றை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் இரண்டு பாத்தி ஆகும்; ஒன்று இப்போதைக்குப் போதும். பாத்தியை உறுதியான சட்டத்தில், மீன் பீப்பாயைவிட உயரத்தில் நிறுத்துங்கள்.

அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரையுள்ள கருங்கல் ஜல்லி நல்லது. சுண்ணாம்புக் கல் கலந்திருந்தால் தண்ணீரின் காரம் ஏறிக்கொண்டே போகும். சில கற்களை எடுத்து எலுமிச்சைச் சாற்றில் போடுங்கள். நுரைத்துக் குமிழி வந்தால் அந்த ஜல்லி வேண்டாம். தூசி போகும்வரை கழுவியபின் நிரப்புங்கள்.

பாத்தியின் அடியில் துளையிட்டு, ஒரு சாண் உயரத்துக்கு பி.வி.சி. குழாய் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தவேண்டும். தண்ணீர் அந்த மட்டத்துக்கு ஏறியதும் குழாய் வழியே மீன் தொட்டிக்கு வழிந்துவிடும். மேலே இரண்டு விரல் உயர ஜல்லி எப்போதும் உலர்ந்தே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பாசியும் கொசுவும் வரும். குழாயின் அடிப்பக்கம் பென்சில் கனத்தில் இரண்டு சிறு துளைகள் இட்டால், மோட்டார் நின்றதும் பாத்தித் தண்ணீர் மெல்ல வடிந்துவிடும். தண்ணீர் வடியும்போதுதான் வேருக்கும் நுண்ணுயிருக்கும் காற்று கிடைக்கிறது. நெல் வயலைக் காயவிட்டுப் பாய்ச்சுவது போலத்தான் இதுவும். ஜல்லி அடைக்காமலிருக்க இந்தக் குழாயைச் சுற்றி, துளைகள் இட்ட அகலமான குழாய் ஒன்றை உறையாக இறக்குங்கள்.

மணிக்கு 400 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் ஏற்றும் சிறிய நீர்மூழ்கி மோட்டார் போதும். டைமர் வைத்து, மணிக்கு 15 நிமிடம் ஓடவிடுங்கள். மோட்டாரைத் தொட்டியின் அடியில் வைக்காமல் ஒரு செங்கல் உயரத்திலாவது வைக்கவேண்டும். எங்காவது குழாய் கழன்று தண்ணீர் வெளியே போனாலும், மீனுக்கு அந்தச் செங்கல் உயரத் தண்ணீர் மிஞ்சும். இது தவிர, மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் காற்று மோட்டார் ஒன்று இரவு பகலாக ஓடவேண்டும். தண்ணீர் மோட்டார் 20 வாட், காற்று மோட்டார் 5 வாட் என்றால் மாதம் ஏழெட்டு யூனிட் மின்சாரம் ஆகும். மின்கசிவில் தானே நின்றுவிடும் சுவிட்ச் அவசியம். மின்சாரத்தை நிறுத்தாமல் தண்ணீரில் கை வைக்காதீர்கள்.

மீன் விடும் நாள்

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் இரண்டு நாள் திறந்து வைத்தபின் பயன்படுத்துங்கள். பீப்பாயில் 180 லிட்டர் நிரப்பி, மீன் இல்லாமலே மோட்டாரை ஓடவிட்டு, தினமும் அரைத் தேக்கரண்டி மீன் தீவனத்தை மட்டும் போட்டுவாருங்கள். தீவனம் அழுகி அம்மோனியா வரும்; நுண்ணுயிர் பெருகும். நன்றாக நடந்துகொண்டிருக்கும் இன்னொரு தொட்டியிலிருந்து ஒரு கூடை ஜல்லி கிடைத்தால், தயிருக்கு உறை ஊற்றியதுபோல் வேலை விரைவாகும். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் பார்க்கும் சொட்டு மருந்துப் பெட்டி மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கும். செலவைக் குறைக்க எண்ணுபவர்கள் வேறு எதிலாவது குறைக்கட்டும், இதில் வேண்டாம். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் காணாமற்போய் நைட்ரேட் மட்டும் தெரியும் நாள்தான் மீன் விடும் நாள்.

கட்லா, ரோகு போன்றவை பெரிதாக வளர்பவை. பீப்பாய்க்கு ஏற்றவை அல்ல. திலேப்பியா எனப்படும் ஜிலேபிக் கெண்டை நெருக்கத்தையும் வெப்பத்தையும் தாங்கும். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட பழைய ரகம் தொட்டியிலேயே குஞ்சு பொரித்துப் பெருகி, வளர்ச்சி குன்றிவிடும். ஆகவே ஆண் குஞ்சுகளாக வாங்கவேண்டும். திலேப்பியா வளர்ப்புக்கு அரசு விதிகள் இருப்பதால் மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டு வாங்குவது நலம். மிஞ்சிய குஞ்சை ஏரியிலோ வாய்க்காலிலோ விட்டுவிடாதீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை யார் கொடுத்தாலும் வாங்கவேண்டாம். அதை வளர்க்கத் தடை உள்ளது. பனையேறிக் கெண்டை கிடைத்தால் அதுவும் ஏற்றது. அது மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். ஆனால் வலை போட்டு மூடாவிட்டால் காலையில் படிக்கட்டில்தான் கிடக்கும்.

180 லிட்டருக்கு 10 குஞ்சு. ஒன்று கூட வேண்டாம்.

தீவன அளவுதான் எல்லாம்

வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ராக்கோசி என்பவர் 1980-களிலிருந்து இதை ஆராய்ந்து, மீன் எத்தனை என்று எண்ணுவதைவிட, பாத்தியின் பரப்புக்கு எத்தனை கிராம் தீவனம் என்று பார்ப்பதே சரி என்று காட்டினார். உலக உணவு வேளாண்மை நிறுவனம் 2014-ல் வெளியிட்ட கையேடு, கீரை வகைகளுக்குச் சதுர மீட்டருக்கு நாள் ஒன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்கிறது. நம் பாதிப் பீப்பாய் அரைச் சதுர மீட்டர். ஆக, மீன் முழுதாக வளர்ந்த பிறகும் நாளொன்றுக்கு 20 முதல் 25 கிராம்தான் உச்ச அளவு. குஞ்சாக இருக்கையில் 10 குஞ்சுக்கும் சேர்த்து 3 கிராமில் தொடங்குங்கள். கால் மணி நேரத்தில் தின்று தீர்க்காததை வலையால் எடுத்துவிடவேண்டும். வீட்டில் ஒருவரே தீனி போடட்டும்.

மீன் தீனி எடுக்காமல் மந்தமாக இருந்தாலோ, சோதனையில் அம்மோனியா, நைட்ரைட் தெரிந்தாலோ, அன்று தீனியை நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். விடியற்காலையில் எல்லா மீனும் மேலே வந்து வாய் பிளந்தால் காற்றுக் குறைவு. மின்வெட்டு நேரத்தில் இது ஒரு மணியிலேயே வந்துவிடலாம். மின்கலத்தில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள். அது இல்லையென்றால் செம்பால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டியதுதான். நள்ளிரவில் இதைச் செய்தவர்கள் அடுத்த மாதமே மின்கலம் வாங்கிவிடுகிறார்கள்.

செடியைப் பற்றி

வள்ளக்கீரை, பொன்னாங்கண்ணி, பாலக், புதினா, வல்லாரை ஆகியவை முதலிலிருந்தே வரும். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்று நான்கு மாதம் கழித்து வைக்கலாம். முள்ளங்கி போன்ற கிழங்கு வகை ஜல்லியில் கோணிப் போகும்.

பூச்சி வந்தால் கை தன்னாலே தெளிப்பானைத் தேடும். இங்கே அது கூடாது. பாத்தியில் விழும் ஒவ்வொரு சொட்டும் மீனுக்குப் போகிறது. வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும்கூட வேண்டாம். சாம்பலும் தூவாதீர்கள், காரம் ஏறும். புழுவைக் கையால் பொறுக்கி மீனுக்கே போடலாம். மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்று தொங்கவிடலாம். அசுவினி பிடித்த கொழுந்தைக் கிள்ளி எறிந்துவிடுங்கள்.

இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. மீன் தீவனத்தில் செடிக்குப் போதுமான இரும்பு இல்லை. டி.டி.பி.ஏ. வகை இரும்புச் செலேட், 11 விழுக்காடு உள்ளதானால் 3 கிராமைக் கரைத்து 180 லிட்டருக்கு ஊற்றுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். நுண்ணுயிர் வேலை செய்யச் செய்ய தண்ணீர் மெல்ல அமிலமாகும். கார ஆழ்குழாய்த் தண்ணீர் உள்ளவர்களுக்கு இது பல மாதம் தெரியாது; மழைத் தண்ணீர் விட்டவர்களுக்குச் சீக்கிரமே தெரியும். கார அமில நிலை 6-க்குக் கீழே போனால் நுண்ணுயிரின் வேலை தடைப்படும். 6.5-க்கு வந்ததுமே ஒரு சிட்டிகை நீர்த்த சுண்ணாம்பை வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிவை மட்டும் பாத்தியில் சிறிது சிறிதாக ஊற்றி, மறுநாள் சோதித்தபிறகே அடுத்த சிட்டிகை.

மீன் பிடிக்கும்போது ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடித்துவிடாமல், பெரியதாக இரண்டிரண்டு எடுத்து, பதிலுக்குக் குஞ்சு விட்டுவந்தால் கீரைக்கு உரம் குறையாது. தொட்டியின் அடியில் தங்கும் கசடை மாதம் ஒருமுறை ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுத்து, கறிவேப்பிலைக்கோ வாழைக்கோ ஊற்றுங்கள்.