பால்கோவா ஊரில் பனீர் மிளகு வறுவல்

கேள்வி: தீபாவளி விருந்தில் சாப்பாட்டுக்கு முன் கொறிக்க, சீஸ் பலகாரம் ஒன்றை வீட்டிலேயே செய்ய முடியுமா?
- வாசகி, மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: தாராளமாக முடியும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவின் ஊர் அது. நல்ல பாலுக்குப் பஞ்சமில்லை. பால்கோவாவுக்குப் பாலைச் சுண்டக் காய்ச்சுகிறார்கள். சீஸ் வகையான பனீருக்கோ பால் திரிய வேண்டும்.

கொழுப்பு நிறைந்த 1 லிட்டர் பாலைப் பொங்கக் காய்ச்சி, அடுப்பை அணைத்து, 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றைச் சிறிது சிறிதாக விட்டுக் கிளற வேண்டும். திரள் தனியே ஒதுங்கி, இளம்பச்சைத் தண்ணீர் தெளிந்து நின்றால் சாறு போதும். துணியில் வடிகட்டி, குளிர்ந்த நீரில் அலசி, மேலே கனமான பாத்திரத்தை ஏற்றி ஒரு மணி நேரம் வைத்தால் 150 முதல் 200 கிராம் வரை பனீர் தேறும்.

அமிலத்தால் திரிந்த பனீர் சூட்டில் உருகாது. அதனால்தான் வறுவலுக்கு அது அருமையாகப் பொருந்துகிறது.

துண்டுகளில் மிளகுத்தூள், இஞ்சி பூண்டு விழுது, உப்பு, கொஞ்சம் அரிசி மாவு சேர்த்துப் பிசிற வேண்டும். தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு, இருபுறமும் பொன்னிறமாகத் திருப்பி எடுத்து, பொரித்த கறிவேப்பிலையைத் தூவிச் சுடச்சுடப் பரிமாறலாம். வடித்த தண்ணீரிலும் புரதம் உண்டு. கொட்டிவிடாமல் சப்பாத்தி மாவு பிசைய வைத்துக்கொள்ளலாம்.