கருத்துப்படம் வழியே வரலாறு

முன்பு நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கரும்பலகையில் படம் வரைந்திருந்தான். பூட்டிய கழிப்பறைக் கதவு. அதன்மேல் ‘ஆய்வு நாளில் மட்டும் திறக்கப்படும்’ என்ற அறிவிப்பு. வகுப்பே சிரித்துக்கொண்டிருந்தது. நான் படத்தை அழித்தேன். அவனை வாசலில் நிற்க வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன். அன்றைய பாடம் தமிழ்நாட்டில் விடுதலைப் போராட்டம். பாரதியாரின் ‘இந்தியா’ இதழைப் புகழ்ந்து பேசியபோது, வாசலில் நின்ற அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கருத்துப்படத்தைக் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அன்றுதான் வந்தது.

பாரதியார் காட்டிய வழி

1906ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட ‘இந்தியா’ வார இதழ், தமிழ் இதழியலில் அரசியல் கருத்துப்படங்களுக்கு முன்னோடி. கருத்து பாரதியாருடையது; வரைந்தவர் ஓவியர். எழுதப் படிக்கத் தெரிந்தோர் மிகக் குறைவாக இருந்த காலம் அது. கட்டுரை போய்ச் சேராத இடத்துக்கும் படம் போய்ச் சேரும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

1908இல் இதழின் ஆசிரியராகப் பதிவு செய்யப்பட்டிருந்த மு. சீனிவாசன் கைதாகிச் சிறை சென்றார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்று, அங்கிருந்து இதழைத் தொடர்ந்தார். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது வரத் தடை விதிக்கப்பட்டதால், 1910இல் இதழ் நின்றுபோனது. 1918இல் புதுச்சேரியை விட்டு வெளியேறிய அவரைக் கைது செய்து வைத்த இடம் நம் மாவட்டத் தலைநகரான கடலூரின் சிறை. இதைச் சொன்னதும் முத்தாண்டிக்குப்பம் பகுதிப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

‘இந்தியா’வின் படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி நூலாகத் தொகுத்துள்ளார். பள்ளி நூலகத்தில் இருக்க வேண்டிய நூல் அது.

வகுப்பறைச் செயல்பாடு

ஒன்பதாம் வகுப்பில் நெப்போலியனைப் பற்றிக் கற்பிக்கும்போது, ஜேம்ஸ் கில்ரே 1805இல் வெளியிட்ட படத்தைக் காட்டலாம். உணவு மேசையில் இருவர் எதிரெதிரே அமர்ந்திருக்கிறார்கள். நடுத்தட்டில் உலக உருண்டை வடிவில் ஆவி பறக்கும் இனிப்புப் பண்டம். பிரிட்டிஷ் பிரதமர் பிட் கடற்பரப்பை வெட்டுகிறார். நெப்போலியன் ஐரோப்பாவை அறுக்கிறார். இத்தகைய படங்கள் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்டு, கையால் வண்ணம் தீட்டப்பட்டன. விலை கொடுத்து வாங்க இயலாதவர்கள் லண்டன் கடைகளின் கண்ணாடிச் சன்னலில் அவற்றைப் பார்த்துச் சென்றார்கள்.

படத்தைக் காட்டியதும் விளக்கம் தர வேண்டாம். என் வகுப்பில் ஒரு மாணவி, “பலாப்பழத்தைப் பங்கு போடுறாங்க சார்” என்றாள். “பழம் யாரோடது?” என்று கேட்டேன். வகுப்பு அமைதியானது. பேரரசுப் போட்டி என்ற பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது.

பிறகு குழுக்களாகப் பிரித்து நான்கு வினாக்களைக் கொடுக்கலாம்.

1. படத்தில் இருப்பவர் யார், எந்தப் பொருள் எதைக் குறிக்கிறது?
2. எது பெரிதாக்கப்பட்டுள்ளது, எது சிறிதாக்கப்பட்டுள்ளது, ஏன்?
3. வரைந்தவர் யார் பக்கம் நிற்கிறார்?
4. படத்தில் இடம்பெறாதவர் யார்?

மூன்றாம் வினாவை விட்டுவிடக் கூடாது. கில்ரே ஆங்கிலேயர்; நெப்போலியனைச் சிறிய உருவமாகவே வரைந்தவர். கருத்துப்படம் ஒரு சான்றுதான். ஆனால் ஒரு தரப்பின் சான்று என்பதை மாணவர் உணர வேண்டும்.

கேலிக்கும் கிண்டலுக்கும் நடுவே

நிறைவாக மாணவர்களையே வரையச் சொல்லலாம். ஒரே ஒரு விதி: உருவம், நிறம், சாதி, ஏழ்மை, உடற்குறை ஆகியவற்றைக் கேலி செய்யக் கூடாது. செயலைக் கேலி செய்யலாம். பொறுப்பில் இருப்பவரைக் கேள்வி கேட்கலாம். சக மாணவனைத் தலைகுனிய வைப்பது கிண்டல். பொதுக்குறையைச் சுட்டுவது கருத்துப்படம். இந்த வேறுபாட்டை வகுப்பிலேயே பேசி முடிவு செய்தால், விதியை மாணவர்களே காப்பார்கள். மதிப்பிடும்போது ஓவியத் திறனுக்கு மதிப்பெண் வேண்டாம். கருத்தும் அதற்கான காரணமும் போதும்.

அப்படி வரையச் சொன்னால் நம்மைப் பற்றியும் படம் வரும். அதற்கும் நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும். அன்று அந்த மாணவன் என்னையோ வேறு யாரையோ இழிவுபடுத்தவில்லை. ஒரு பூட்டைத்தான் காட்டினான். நான் படத்தை அழித்தேன். கழிப்பறை ஏன் பூட்டியிருக்கிறது என்று மட்டும் யாரிடமும் கேட்கவில்லை.