பழைய சுவர் புகட்டிய பாடம்

கொல்கத்தாவின் பழைய வீடுகள் பலவும் சுண்ணாம்பும், சுர்க்கி எனப்படும் செங்கல் தூளும் கலந்த சாந்தால் கட்டப்பட்டவை. அத்தகைய வீடொன்றை வாங்கிய நாங்கள், கூலியை மிச்சம் பிடிக்க எண்ணி, ஓதம் ஏறிய சுவரை நாங்களே கொத்திச் சிமெண்ட் பூசினோம். ஒரே மழைக்காலம்! பெயிண்ட் கொப்புளித்தது, வெள்ளை உப்பு பூத்தது, இடுப்பளவு இருந்த ஈரம் தோள்வரை ஏறியது.

காரணத்தை முதிய ராஜமிஸ்திரி ஒருவர் விளக்கினார். செங்கல் தரையின் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியே அது ஆவியாகிவிடும். சிமெண்ட் அவ்வழியை அடைப்பதால் ஈரம் மேலே ஏறுகிறது.

மறுபடி தொடங்கினோம். கற்ற முறை இது:

1. ஈரம் வரும் வழியை முதலில் அடைக்கவும். எங்கள் வீட்டில் மழைநீர்க் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது.

2. கொத்துமுன் மெயின் சுவிட்சை அணைக்கவும். என் உளி மின்கம்பியில் பட்டது. அப்போது மின்தடை இருந்ததால் பிழைத்தேன்.

3. சிமெண்டை உரித்து, சுவரைச் சில மாதம் உலரவிடவும்.

4. நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு சேர்த்துப் பூசி, சில நாள் ஈரம் காக்கவும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கல்லைச் சிறிது சிறிதாக நீரில் இடவும். கண்ணுக்குக் காப்பு அணியவும். குழந்தைகளை அருகில் விடவேண்டாம்.

இரண்டு மழைக்காலம் கடந்தும் சுவர் உலர்ந்தே இருக்கிறது. பழைய வீட்டில் கை வைக்குமுன், அது எதனால் கட்டப்பட்டது என்று கேட்டறியுங்கள்.