இந்தியாவில் பிறந்த பிள்ளையின் பிரஜாவுரிமை

"தாய் தகப்பன் இலங்கையர்தானே, பிள்ளைக்கு ஏன் தனிப் பதிவு?" என்று வாகரைப் பக்கம் பலர் கேட்கிறீர்கள். கேள்வி நியாயமானது. ஆனால் தமிழ்நாட்டு முகாமில் பிறந்த பிள்ளை, உங்களோடு ஊர் திரும்பியதால் மட்டும் இலங்கைப் பிரஜையாகிவிடாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி பிறப்பைப் பதியவேண்டும்.

பிறந்து ஒரு வருடத்துக்குள் பதியவில்லையா? இங்கிருந்தபடியே, பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குக் காரணம் காட்டி விண்ணப்பிக்கலாம். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் தாய்வழியாகவும் கோரலாம்.

இந்தியப் பிறப்புச் சான்றிதழைக் கவனமாக வைத்திருங்கள். அதில் உங்கள் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை உங்கள் பிறப்பு, விவாகச் சான்றிதழ்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான். வேறுபாடு இருந்தால், விண்ணப்பிக்குமுன் எங்களிடம் கொண்டுவாருங்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை கேட்கும்வரை காத்திருக்கவேண்டாம்.