டேஷ்போர்டில் ஏறிய மினுக்கு

தைப்பூசத்துக்கு நாலு நாள் இருந்தது. காலை ஒன்பது மணி வாக்கில் கன்னிவாடியிலிருந்து கிளம்பி, ரெட்டியார்சத்திரத்தில் திண்டுக்கல் ரோட்டைப் பிடித்துக் கிழக்கே திரும்பினேன். நேர் எதிரே வெயில். பழநிக்கு நடந்துபோகிறவர்கள் ரோட்டோரமாகச் சாரை சாரையாக வந்துகொண்டிருந்தார்கள். என் கண்ணுக்குத் தெரிந்ததோ, முன்கண்ணாடியில் பாதிக்கு வெள்ளையாகப் படர்ந்த டேஷ்போர்டின் பிம்பம்தான். பச்சை வேட்டிக்காரர் ஒருவர் ஒதுங்கி நின்றது ரொம்பப் பக்கத்தில் வந்த பிறகே கண்ணில் பட்டது. வண்டியை ஓரங்கட்டிவிட்டேன். கை நடுங்கியது.

முதல் நாள்தான் வாட்டர் வாஷ் விட்டிருந்தேன். டேஷ்போர்டுக்குப் பாலிஷும் போட்டு, "புதுசு மாதிரி ஆக்கியாச்சுண்ணே" என்று சொல்லித்தான் வாஷ் கடைத் தம்பி சாவியைக் கொடுத்தான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

டேஷ்போர்டின் மேல்பக்கத்தை விரலால் தடவினால் பொரிப்பொரியாக இருக்கும். விழும் வெளிச்சத்தைச் சிதறடிக்க வேண்டும் என்றே மங்கலாகச் செய்து அனுப்புகிறார்கள். சிலிகான் எண்ணெய் கலந்த பாலிஷ் அந்தக் குழிகளை நிரப்பி, அதையே கண்ணாடி மாதிரி ஆக்கிவிடுகிறது. போதாததற்கு, தோட்டத்து மண்பாதையில் ஒரு நடை போய் வந்தால் புழுதியெல்லாம் அதில்தான் ஒட்டும்.

வெறும் ஈரத்துணியால் நாலு தடவை துடைத்தேன். பிசுக்கு இங்கிருந்து அங்கே போனது, அவ்வளவுதான். வாசலில் நின்று பார்த்த வீட்டம்மா, "ஏங்க, வடைச்சட்டியை வெறும் தண்ணியிலயா கழுவுவோம்?" என்றாள். வாஸ்தவம்தானே.

வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு லிட்டரில் பாத்திரம் கழுவும் லிக்விட் அரை ஸ்பூன் விட்டேன். அதற்கு மேல் விட்டால் நுரையை எடுப்பதே தனி வேலை. மைக்ரோஃபைபர் துணியை அதில் நனைத்து ஒட்டப் பிழிந்துகொண்டு, ஒரு சாண் இடமாகத் துடைத்தேன். பொரிகளுக்குள் இருப்பது துணிக்கு வராது. பழைய டூத் பிரஷ்ஷால் லேசாகத் தேய்க்க, சாம்பல் நிறத்தில் வழவழவென்று கிளம்பியது. உடனே இன்னொரு துணியில் ஒற்றி எடுக்க வேண்டும்; விட்டால் காய்ந்து மறுபடி அங்கேயே உட்காரும். அப்புறம் நல்ல தண்ணீரில் ஒரு துடைப்பு, காய்ந்த துணியில் ஒரு துடைப்பு. துணியை அடிக்கடி மாற்றாவிட்டால் பட்ட பாடு வீண். ஒரே நாளில் முழுசாகப் போகவில்லை; மறு ஞாயிறும் உட்கார்ந்தேன். வேலையை நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சு, ஏசி துவாரம் பக்கம் தண்ணீரைத் தெளிக்காதீர்கள், துணியில் இருக்கும் ஈரமே போதும்.

பெட்ரோல், தின்னர் தொட்டுத் துடைக்கச் சொல்லும் ஆட்கள் உண்டு. பிசுக்கோடு பிளாஸ்டிக்கின் தோலும் போய்விடும். விடாப்பிடியான இடத்துக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, முதலில் கண்ணில் படாத மூலையில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தேய்த்தேன். மீட்டருக்கு மேல் உள்ள மூடிக்கும் தொடுதிரைக்கும் தோல் சீட்டுக்கும் அது ஆகாது. ஸ்டியரிங்கிலும் பெடலிலும் பாலிஷ் பட்டிருந்தால் வண்டியை எடுக்கும் முன்பே கழுவிவிடுங்கள், வழுக்கும்.

முன்கண்ணாடியின் உள்பக்கத்தை மறந்துவிட்டேன். வெயிலில் நிற்கும் வண்டியில் பிளாஸ்டிக்கிலிருந்தும் பாலிஷிலிருந்தும் கிளம்பும் ஆவி அங்கேதான் மெல்லிய படலமாகப் படிகிறது. பகலில் அவ்வளவாகத் தெரியாது; ராத்திரி எதிரே லாரி வெளிச்சம் அடிக்கும்போது கண்ணைப் பறிக்கும். அதே சோப்புத் தண்ணீர்தான் அதற்கும்.

இப்போதெல்லாம் வாட்டர் வாஷுக்கு விடும்போதே, "உள்ளே தூசி மட்டும் எடு, பாலிஷ் தொடாதே" என்று சொல்லிவிடுகிறேன். "டல்லா இருக்குமேண்ணே" என்று தம்பிக்கு மனசே ஆறுவதில்லை.

அப்பா உட்காரும் சீட்டின் தலைச்சாய்ப்பில் ஏறிய தேங்காய் எண்ணெய்க் கறை மட்டும் இதற்கெல்லாம் மசியவில்லை. அதன்மேல் ஒரு துண்டைப் போட்டுவைத்திருக்கிறேன்.