தடத்துக்குப் போகும் சாலை டயர்

செங்கல்பட்டிலிருந்தோ மாமல்லபுரக் கடற்கரையிலிருந்தோ சொந்தக் காரை ஓட்டிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குச் சென்று, சில சுற்றுகள் வேகமாக ஓட்டிவிட்டு, அதே காரில், பெரும்பாலும் அதே டயர்களில் வீடு திரும்புவோரைக் கருத்தில் கொண்டது இந்த ஒப்பீடு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்கு உரிய இந்த 3.7 கி.மீ. தடம் 1990இல் திறக்கப்பட்டபோது இருங்காட்டுக்கோட்டை பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அதற்கு முன் பந்தயங்கள் நடந்த சோழவரம் விமான ஓடுதளமும் அந்த மாவட்டத்தைச் சேர்ந்ததே. இன்று சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வழியாகச் சரக்கு லாரிகளுக்கிடையே போய்ச் சேர வேண்டும் என்பதைச் சிறு செய்தியாகக் கொள்ள இயலாது. தடத்தில் காயப்பட்ட டயர்தான் மாலையில் அந்தச் சாலையைத் தாங்க வேண்டியிருக்கிறது.

சாலை டயரின் மேற்பரப்பு, மழைநீர் வழிந்தோடுவதற்கான பள்ளங்களால் பிரிக்கப்பட்ட ரப்பர் கட்டைகளால் ஆனது; பேச்சுவழக்கில் ‘பட்டன்’ எனப்படும் இந்தக் கட்டைகள் புதிய கார் டயரில் ஏறத்தாழ 7 அல்லது 8 மி.மீ. உயரம் இருக்கும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது கட்டையின் ஒரு முனையைத் தரை பற்றிக்கொள்ள, மறுமுனையைக் காரின் எடை வெளிப்புறமாகத் தள்ள, கட்டை வளைந்து நிமிர்வதால் அதனுள் வெப்பம் பிறக்கிறது. ரப்பர் வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருளாதலால் அவ்வெப்பம் உள்ளேயே தங்கிப் பிணைப்பைத் தளர்த்த, ரப்பர் துணுக்குத் துணுக்காகப் பெயர்கிறது. இரண்டாவது வகைச் சேதம் டயரின் தோளில், அதாவது மேற்பரப்பும் பக்கச்சுவரும் சந்திக்கும் விளிம்பில் நிகழ்வது: கார் சாய, பக்கச்சுவர் மடங்க, தரையில் படுவதற்கென்று அமையாத பகுதி தரையில் உரசித் தேய்கிறது. முன்சக்கர இயக்கமுள்ள கார்களில் இழுப்பது, திருப்புவது, பிரேக்கின் பெரும்பகுதியைத் தாங்குவது ஆகிய மூன்று வேலைகளும் முன் டயர்களையே சாரும். கடிகார முள் திசையில் ஓடும் தடங்களில் வலப்பக்க வளைவுகளே மிகுதி என்பதால் இடது முன் டயரே முதலில் வீழ்கிறது. துணுக்குப் பெயர்வது வெப்பத்தின் அடையாளம், தோள் தேய்வது காற்றழுத்தம் அல்லது சக்கரக் கோணத்தின் அடையாளம். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் புது டயர் வாங்கப் போவதே வீண்செலவின் தொடக்கம்.

முதல் தேர்வு, இருக்கும் டயரையே வைத்துக்கொண்டு காற்றழுத்தத்தையும் ஓட்டும் முறையையும் திருத்திக்கொள்வது. தடத்துக்குப் போனால் காற்றை இறக்க வேண்டும் என்று பரவலாகச் சொல்லப்படும் கருத்து பந்தய டயர்களிலிருந்து வந்தது. மென்மையான பக்கச்சுவர் கொண்ட சாலை டயரில் அது தோள் மடிவதையே பெருக்கும். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் தயாரிப்பாளர் ஒட்டியிருக்கும் அளவிலிருந்தே தொடங்கி, சூடேறிய பின் அளந்து திருத்துவதே முறை. 30 டிகிரி வெப்பத்தில் 32 பிஎஸ்ஐ இருந்த டயருக்குள் காற்று 70 டிகிரிக்குச் சூடேறினால் அழுத்தம் ஏறத்தாழ 38 பிஎஸ்ஐ ஆகும். இந்த ஏற்றத்தில் ஒரு பகுதியைத்தான் வெளியேற்ற வேண்டும். எவ்வளவு என்பதைக் கருவியைவிடச் சாக்பீஸ் தெளிவாகச் சொல்லும்: தோளிலிருந்து பக்கச்சுவர் வரை ஒரு கோடு கிழித்து, நான்கைந்து சுற்று ஓடிய பின் பார்த்தால், கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருக்கும்போது காற்று போதாது என்றும், தோளைத் தொடாமலே நின்றிருக்கும்போது காற்று மிகுதி என்றும் கொள்ளலாம். பெட்ரோல் பங்க்குகளில் நைட்ரஜன் நிரப்புவது இக்கணக்கைப் பெரிதாக மாற்றாது, ஏனெனில் சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான்; ஈரமற்ற வாயு என்பதே அதன் நன்மை.

ஓட்டும் முறையில் கவனிக்க வேண்டியது டயரின் ஓசை. வளைவில் மெல்லிய முனகல் எழுவது இயல்பு. அது வீறிடலாக மாறினால், முன்சக்கரங்கள் திரும்ப மறுத்தும் ஓட்டுநர் ஸ்டியரிங்கை மேலும் மேலும் ஒடிக்கிறார் என்று பொருள், அந்த ஓரிரு நொடிகளில் தோள் ரப்பரை விரைந்து இழக்கிறது. நான்கைந்து வேகச் சுற்றுகளுக்குப் பின் ஒரு சுற்றைப் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் மெதுவாக ஓட்டி, நிறுத்துமிடத்தில் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு ஆறவிடுவது செலவில்லாத காப்பு. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் தடத்துக்குச் செல்பவருக்கு இந்த முதல் தேர்வுக்கு அப்பால் எதுவும் தேவைப்படாது என்று துணிந்து கூறலாம்.

புது டயரா, பாதி தேய்ந்த டயரா என்ற கேள்விக்கு உலர்ந்த தடத்தில் விடை எதிர்பார்ப்புக்கு மாறானது. கட்டையின் உயரம் குறையக் குறைய அது வளைவதும் சூடேறுவதும் குறைவதால், 4 மி.மீ. அளவுக்குத் தேய்ந்த நல்ல டயர் புத்தம்புது டயரைவிடத் தடத்தில் நெடுநேரம் தாங்கும். தடத்துக்கு முந்தைய நாள் புது டயர் மாட்டுவது அதனால் நல்ல யோசனையாகாது. ஆயினும் தேய்வு வேறு, முதுமை வேறு: பக்கச்சுவரில் பொறித்த நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும், பல ஆண்டுகள் கடந்து இறுகிய ரப்பரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் பிடிப்பு இராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தேய்ந்த டயர் நீரின் மேல் மிதந்து தரைப்பிடிப்பை இழக்கும் என்பதால், வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்கு மேற்சொன்ன கூற்று பொருந்தாது.

இரண்டாவது தேர்வு சக்கரக் கோணம். காரை முன்னிருந்து பார்க்கையில் சக்கரத்தின் உச்சி உட்புறம் சாய்ந்திருப்பதை எதிர்மறைக் கேம்பர் என்பர். கார் வளைவில் சாயும்போது வெளிச்சக்கரம் நிமிர்ந்து முழு அகலத்தில் தரையைப் பற்ற இச்சாய்வு உதவுகிறது. பெரும்பாலான சாதாரணக் கார்களில் இச்சாய்வு மிகச் சிறிது. கேம்பர் போல்ட் எனப்படும் திருத்தப்பட்ட போல்ட்டைப் போட்டு ஒரு டிகிரி அளவுக்குக் கூட்டினாலே, வெளித்தோள் தேய்வு கண்கூடாகக் குறையும். ஜிஎஸ்டி சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் நேராகவே ஓடும் காருக்கு உள்விளிம்பு தேயுமே என்ற அச்சம் ஓரளவே நியாயமானது. உள்விளிம்பை விரைந்து தின்பது பெரும்பாலும் கேம்பரைவிடச் சக்கரங்களின் முன்பக்க விலகலான டோ என்பதால், போல்ட் மாற்றியதும் வீல் அலைன்மென்ட் பார்த்து டோவைச் சுழியத்துக்கு அருகில் வைத்தால் போதும். மாதம் ஒருமுறை தடத்துக்குச் செல்பவருக்குச் செலவுக்கேற்ற பலன் தருவதில் இதற்கு இணையானது வேறில்லை.

மூன்றாவது தேர்வு, தடத்துக்கென்றே தனியாக நான்கு ரிம்களும் பள்ளங்கள் குறைந்த அரை வழுக்கை டயர்களும். கட்டைகள் பெரியனவாக இருப்பதால் இவை எளிதில் வளையா, வெப்பத்தைத் தாங்கும். ஆனால் கூடிய பிடிப்பு பிரேக்கையும் சக்கர பேரிங்குகளையும் கடுமையாக வேலை வாங்கும், நான்கு சக்கரங்களைச் சிறு காரின் பின்னிருக்கையை மடித்து ஏற்றிச் செல்ல வேண்டும், அங்கே ஜாக்கி, டார்க் ரெஞ்ச் கொண்டு மாற்ற வேண்டும். இதன் உண்மையான பயன் வேகத்தில் இல்லை, திரும்பும் பயணத்தில் இருக்கிறது: தடத்தின் தேய்வு முழுவதும் ஒரு தொகுதியில் நிற்க, வீட்டுக்கு ஓடும் டயர் காயமின்றி இருக்கிறது. பள்ளமே இல்லாத முழு வழுக்கை டயரை இவ்வகையினர் எண்ணிப் பார்க்கவே வேண்டியதில்லை. கார் டயருக்குக் குறைந்தது 1.6 மி.மீ. பள்ளம் தேவை என்னும் சாலை வரம்புக்குள் அது வராது.

கடற்கரையில் வசிப்போர்க்கு ஒரு கூடுதல் கவலை உண்டு. உப்புக்காற்று அலாய் ரிம்மில் டயர் அமரும் விளிம்பை அரித்து, காற்றை மெல்லக் கசியவிடும். மாமல்லபுரம் பகுதியில் நிறுத்தப்படும் காரில் வாரத்துக்கு இரண்டு பிஎஸ்ஐ குறைந்தால் பஞ்சர் தேடுவதோடு நில்லாமல் அவ்விளிம்பையும் வால்வையும் பார்க்கச் சொல்ல வேண்டும், கசியும் சக்கரத்தில் மேற்சொன்ன அழுத்தக் கணக்கு எதுவும் நிற்காது.

தடத்தில் சூடாக இருக்கையில் 35 பிஎஸ்ஐக்கு இறக்கிய டயர், ஆறி 30 டிகிரிக்கு வந்ததும் 29 அளவுக்கே நிற்கும் என்பதால், ஒரகடம் சாலையில் ஏறும் முன் காற்று நிரப்பியாக வேண்டும். காரின் 12 வோல்ட் மின்னிணைப்பில் ஓடும் சிறு கம்ப்ரஸர் இதற்குப் போதும். அதே நேரத்தில் நான்கு டயர்களின் உட்பக்கத்தையும் கையால் தடவிப் பார்த்து, பக்கச்சுவரில் புடைப்போ தோளில் நூலிழையோ தென்பட்டால் ஸ்டெப்னியை மாற்றிக்கொள்வது நல்லது. அந்த ஸ்டெப்னி ஒடுங்கிய வகையாக இருந்தால் அதன் மேலேயே மணிக்கு 80 கி.மீ. என்று வரம்பு எழுதப்பட்டிருக்கும்.